முதல்ல துணியை மாத்துங்க – கார் கழுவுறது பத்தி வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீட்டுலயே கார் கழுவுறது பத்திதான். என்ன வாங்கலாம், எவ்வளவு செலவு பண்ணலாம், அந்த மெஷின் தேவையான்னு. அதனால மைலேஜ், இன்ஷூரன்ஸ் கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

சார், கார் வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது, கருநீலக் கலர். சாயங்கால வெயில் பட்டா பானட் முழுக்க வட்ட வட்டமா கீறல் தெரியுது. எங்க அப்பார்ட்மென்ட்ல மாசக் காசுக்கு ஒருத்தர் தினமும் துடைச்சு விடுறாரு. எந்த ஷாம்பு வாங்கிக் கொடுத்தா இது போகும்? – தாம்பரம் வாசகர்

ஷாம்புவால வந்த கீறல் இல்ல இது, அதனால ஷாம்பு போட்டுப் போகவும் போகாது. இது மண்ணால வர்றது. உங்க கார் பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கும், பொதுவா 40, 50 மைக்ரான் கனம்தான், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. ரோட்டுல இருந்து வந்து உட்கார்ற தூசியில இருக்குற மணல் துகள் அதை விட ரொம்பக் கெட்டி. காய்ஞ்ச துணியால துடைக்கும்போது தூசி போற மாதிரி தெரியும், ஆனா போறதில்ல, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு கை போற பக்கமெல்லாம் கூடவே இழுபடும். அதைத்தான் நீங்க வெயில்ல பார்க்குறீங்க.

என்னோட முதல் கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கறுப்பு வண்டி. அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு தினமும் காலையில துடைப்பேன், அவ்வளவு ஆசை அந்த வண்டி மேல. ஒரு வருஷம் கழிச்சு ஒரு பாலிஷ் கடையில நிறுத்தினப்போ அங்க இருந்த பையன் டார்ச் அடிச்சுக் காட்டினான், வெளிச்சத்தைச் சுத்தி சிலந்தி வலை பின்னின மாதிரி இருந்துச்சு, எந்தப் பக்கம் டார்ச்சை நகர்த்தினாலும் வலையும் கூடவே நகருது. வேட்டித் துணி மெத்துன்னுதான் இருக்கும், ஆனா அதோட நெசவு தட்டை, மண்ணு உள்ள போய் ஒளிய இடமே கிடையாது. மைக்ரோஃபைபர்ல, அதுவும் நூல் நூலா தொங்குற வாஷ் மிட்னு கையுறை மாதிரி விக்கிறாங்களே அதுல, மண்ணு அந்த நூலுக்குள்ள இறங்கிக்கும், பெயின்ட்டை விட்டு விலகிடும். மஞ்சக் கலர் ஸ்பாஞ்ச்சும் வேட்டி மாதிரிதான், முகம் தட்டை, வாங்காதீங்க.

ஆக உங்க முதல் செலவு ஒரு மிட், ரெண்டு பக்கெட். பக்கெட் காசு போட்டு வாங்கணும்னு இல்ல, வீட்டுக்கு பெயின்ட் அடிச்சப்போ மிச்சமான 20 லிட்டர் டப்பா மொட்டை மாடியில கிடக்குமே, அதையே நல்லாத் தேய்ச்சுக் கழுவிக்கோங்க. ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. முதல்ல ஓஸ் பைப் போட்டு மேல இருந்து கீழ மண்ணை ஓட விடுங்க, அப்புறம் மிட்டை ஷாம்புல முக்கி ஒரு கதவு தேய்ச்சதும் வெறும் தண்ணியில அலசி, மறுபடி ஷாம்புல முக்கி அடுத்த கதவு. தேய்க்கும்போது வட்டம் போடாதீங்க, நேர்க்கோடா போங்க. கூரையில ஆரம்பிச்சு கதவோட கீழ்ப்பகுதிதான் கடைசி, ஏன்னா மண்ணு அதிகம் இருக்குறது அங்கதான். அலசுற பக்கெட் அடியில கிரிட் கார்டுன்னு ஒரு ஓட்டைத் தட்டு போடுவாங்க, அது கிடைக்கலைன்னா அளவா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாலும் மண்ணு அடியிலயே தங்கிடும். முடிச்சதும் அந்தத் தண்ணியை மெதுவாச் சாய்ச்சு ஊத்திட்டு அடியில மிஞ்சுறதை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு ஒரு தடவை உரசிப் பாருங்க, நறநறன்னு இருக்கும். அவ்வளவும் உங்க பானட்ல உரசியிருக்க வேண்டியது.

துடைச்சு விடுறவர் மேல கோவப்படாதீங்க. ஒரே துணி, ஒரே பக்கெட், விடியறதுக்குள்ள இருபது முப்பது கார் முடிக்கணும், அவர் என்ன பண்ணுவாரு? உங்க காருக்குன்னு தனியா ஒரு மிட்டும் ரெண்டு துணியும் கொடுத்து, தினமும் காய்ஞ்ச துணியில துடைக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி விட்டுக் கழுவினா போதும்னு சொல்லுங்க. காசைக் குறைக்காதீங்க. இப்ப இருக்குற கீறலை பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனா பாலிஷ்னா கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்ச்சு எடுக்குறது, அடிக்கடி பண்ண முடியாது. முதல்ல துணியை மாத்துங்க, பாலிஷ் அதுக்கப்புறம்.

அண்ணா, பிரஷர் வாஷர் வாங்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல 100 பார், 130 பார்னு போட்டிருக்கு. எது நல்லது? தனி வீடு, போர் தண்ணி, மோட்டார் போட்டு மாடியில டேங்க். – திருச்சி வாசகி

மிட்டும் துணியும் வாங்கியாச்சுன்னா வாங்குங்கம்மா, வாங்கலைன்னா அது முதல்ல. மெஷின் இல்லாம நல்லாக் கழுவ முடியும், நல்ல துணி இல்லாம முடியாது.

வீட்டு உபயோகத்துக்கு போஷ், கார்ச்சர்னு தெரிஞ்ச கம்பெனிங்க எல்லாம் விக்கிற சின்ன மெஷின் பெரும்பாலும் 100ல இருந்து 130 பார் வரைக்கும்தான், காருக்கு 100 பார் தாராளம். பார்ங்கறது தண்ணி அழுத்தத்தோட அளவு, அந்த நம்பரை விட நான் வேற மூணு விஷயம் பார்ப்பேன். ஒண்ணு, சர்வீஸும் ஸ்பேரும் உங்க ஊர்ல கிடைக்குதா. ரெண்டு, பக்கெட்ல இருந்து தானா தண்ணி உறிஞ்சுமா, ஏன்னா டேங்க் ஒரு மாடி உயரத்துல மட்டும் இருந்தா குழாய்ல வேகம் பத்தாது, மெஷின் திக்கித் திக்கி ஓடும். மூணாவது, உள்ள போற வாய்ல ஃபில்டர் இருக்கான்னு, போர் தண்ணியில வர்ற மணல் போச்சுன்னா பம்ப் சீக்கிரம் போயிடும். தண்ணி இல்லாம காய ஓட விட்டாலும் அதே கதிதான்.

கரன்ட் விஷயத்துல விளையாடாதீங்க. இந்த மெஷினெல்லாம் 1,400ல இருந்து 1,800 வாட் வரை இழுக்கும், ஃபேனுக்குப் போடுற சின்ன பிளக் பாயின்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி ஓட்டுறது வேண்டவே வேண்டாம், 16 ஆம்ப் பாயின்ட்ல நேரா மாட்டுங்க, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துட்டு, வீட்டுல ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இல்லைன்னா அதைப் போட்ட பிறகுதான் மெஷினே வாங்குங்க. ஈரத் தரையில ஈரக் கையோட நிக்கப் போறது நீங்க.

அடிக்கும்போது பெயின்ட்டுல இருந்து ரெண்டு அடி தள்ளி நின்னு விசிறி மாதிரி விரியுற நாஸில்ல அடிங்க. ஊசி மாதிரி ஒரே கோடா வர்றது, சுத்திச் சுத்தி வர்றது ரெண்டும் தரைக்குத்தான், காருக்கு இல்ல. டயர் பக்கவாட்டு, கதவு ரப்பர், ஸ்டிக்கர், ரேடியேட்டர் பக்கம் கிட்ட போகாதீங்க. பானட்டைத் திறந்து இன்ஜின் மேல அடிக்கவே அடிக்காதீங்க, அங்க ஒயரிங்கும் சென்சாரும் நிறைய இருக்கு.

பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு போட்டா போதாதா? கார் ஷாம்புங்கறது விலை வைக்கத்தானே? – ஈரோடு வாசகர்

ஒரு தடவை போட்டதால பெயின்ட் உரிஞ்சு போயிடாது, ஆனா அதைச் செஞ்சிருக்கிறது சட்டியில ஒட்டின எண்ணெயைப் பிச்சு எடுக்கத்தான், காருக்கு மேல பாதுகாப்புக்கு நீங்க பூசின வேக்ஸ்ங்கற மெழுகையும் அதே மாதிரி எடுத்துடும். துணி துவைக்கிற பவுடர் இன்னும் மோசம், அதுல சோடா இருக்கு, காரம் அதிகம், வேக்ஸும் ரப்பர் பளபளப்பும் போயிடும், அதோட சரியாக் கரையாத பொடி தேய்க்கும்போது உறுத்தும். கார் ஷாம்புல நாம காசு கொடுக்குறது நுரைக்கு இல்ல, வழுக்கலுக்கு. மிட் பெயின்ட் மேல வழுக்கிட்டுப் போனாத்தான் மண்ணு உரசாது. பாட்டில்ல பிஹெச் நியூட்ரல்னு, அதாவது அமிலமும் இல்ல காரமும் இல்லைன்னு, போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க, எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, ஒரு மூடியோ ரெண்டு மூடியோ பாட்டில்ல சொன்ன அளவுதான் ஊத்தணும், கூட ஊத்தினா அலசத்தான் கூடத் தண்ணி ஆகும். அளவாப் போட்டா ஒரு பாட்டில் பல மாசம் வரும்.

எவ்வளவு நல்லாக் கழுவினாலும் காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி. கண்ணாடியில இன்னும் மோசம். ஷாம்பு மாத்தணுமா? – கோவை வாசகர்

இது உப்புத் தண்ணி. போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சிருக்கும், சொட்டு ஆவியாகிப் போகும்போது தண்ணி மட்டும்தான் போகும், உப்பு அங்கயே தங்கிடும். வீட்டு ஹீட்டர் காயில்ல வெள்ளையாப் படியுதே, அதே சமாச்சாரம். அதனால எதை வெச்சுக் கழுவுறோம்ங்கறதை விட சொட்டு காயறதுக்கு முன்னாடி எடுத்துட்டோமாங்கறதுதான் முக்கியம். காலையில ஏழு மணிக்குள்ள, நிழல்ல, பானட்டைத் தொட்டா சில்லுன்னு இருக்கும்போது கழுவுங்க. ஒரு பக்கம் தேய்ச்சா உடனே அலசுங்க, ஷாம்பு மேலயே காய விடாதீங்க.

அப்புறம் துடைக்கிற துண்டு. தனியா ட்ரையிங் டவல்னு கேட்டு வாங்குங்க, 800 ஜிஎஸ்எம்முக்கு மேல இருக்கட்டும், ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை, கனமா இருந்தா தண்ணி அதிகம் குடிக்கும். கடையில தொட்டு வாங்குறீங்கன்னா உள்ளங்கையில நாலு சொட்டு தண்ணி விட்டு துண்டை மேல வெச்சு எடுத்துப் பாருங்க, தேய்க்காமலே கை காயணும். ஓரம் தையல் கரகரன்னு இருந்தா வேண்டாம், லேபிளை வீட்டுக்கு வந்ததும் கத்தரிச்சுடுங்க. காரைத் தேய்க்காம, துண்டை பானட் மேல விரிச்சு ரெண்டு முனையைப் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க, அவ்வளவுதான்.

ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணியை வீணாக்க வேண்டாமேன்னு காருக்கு ஊத்துறவங்க நிறைய பேர், எண்ணம் நல்ல எண்ணம், ஆனா ஆர்ஓ பிரிச்ச உப்பெல்லாம் அதுலதான் இருக்கு, புள்ளி இன்னும் அதிகமாகும், அதை வாசல் தெளிக்க வெச்சுக்கோங்க. அதுக்குப் பதிலா ஏசி பைப்ல சொட்டுற தண்ணியைப் பிடிங்க. அது காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து வர்றது, உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ராத்திரி முழுக்க ஒரு பக்கெட் வெச்சா காலையில கடைசி அலசலுக்கு ஆச்சு, மெல்லிசுத் துணியில ஒரு தடவை வடிகட்டிட்டு ஊத்துங்க.

ஏற்கெனவே இருக்குற புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சு எடுத்து, உடனே ஷாம்பு தண்ணியில கழுவிடுங்க, வெயில்ல மட்டும் செய்யாதீங்க. அதுலயும் போகலைன்னா உப்பு கிளியர் கோட்டுக்குள்ளயே தின்னுடுச்சுன்னு அர்த்தம், பாலிஷ்தான் வழி.

வேப்ப மரத்தடியிலதான் பார்க்கிங். காக்கா எச்சம் தினமும். துடைச்சாலும் தடம் நிக்குது. – மதுரை வாசகி

எச்சத்துல அமிலம் இருக்கு, அதோட சரளைத் துகளும் இருக்கும், அதனால விட்டாலும் கெடுதல், அழுத்தித் தேய்ச்சாலும் கெடுதல். டிஷ்யூ பேப்பரை நல்லா நனைச்சு மேல வெச்சு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஊறினதும் அப்படியே கிள்ளி எடுங்க, துடைக்காதீங்க. டிக்கியில ஒரு தண்ணி பாட்டிலும் டிஷ்யூவும் எப்பவும் இருக்கட்டும், அக்னி நட்சத்திர வெயில்ல காலையில விழுந்தது சாயங்காலத்துக்குள்ள தடம் பதிச்சுடும். உங்களுக்கு வேக்ஸ் அவசியம், மத்தவங்களுக்கு விருப்பம். கார்னாபா வேக்ஸ்னு ஒண்ணு, பிரேசில்ல வளர்ற ஒரு பனை வகையோட இலையில இருந்து எடுக்குறது, நம்ம வெயில்ல சில வாரம்தான் தாங்கும், ஆனா எச்சம் முதல்ல அதைத்தான் தின்னும், பெயின்ட்டுக்கு வர நேரமாகும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் காரா இருந்தா மட்டும் சாதா வேக்ஸ் போடாதீங்க, திட்டுத் திட்டா பளபளக்கும். கார் கவர் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, கழுவின காருக்குப் போடலாம், தூசியோட இருக்குற கார் மேல போட்டா காத்துல கவர் ஆடி ஆடி அதுவே உரசும்.

டேஷ்போர்டுக்கு தேங்காயெண்ணெய், டயருக்கு டீசல் போடலாமா? – சேலம் வாசகர்

ரெண்டும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும், வெயில்ல முன் கண்ணாடியில பளபளன்னு எதிரொளிச்சு கண்ணைக் கூச வைக்கும். டீசல் ரப்பரை ஊற வெச்சு கெடுக்கும். டேஷ்போர்டுக்கு ஈரத் துணி போதும். சக்கரத்துக்கு மட்டும் தனி பிரஷ், தனி துணி வெச்சுக்கோங்க, பிரேக் பேட் தேயுற இரும்புத் தூள் அங்கதான் ஒட்டியிருக்கும், அந்தத் துணி கதவுப் பக்கம் வரவே கூடாது.

பெங்களூர்ல இருக்கேன் அண்ணா. எங்க அசோசியேஷன்ல பைப் போட்டுக் கழுவக் கூடாதுன்னுட்டாங்க, பார்க்கிங்ல குழாயும் இல்ல. நான் என்ன பண்ண? – பெங்களூர் வாசகர்

அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு தம்பி. 2024 மார்ச்ல உங்க ஊர்லயே குடிதண்ணியில வண்டி கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவு போட்டாங்க. 2019 கோடையில சென்னையில லாரி தண்ணிக்கு குடத்தோட வரிசையில நின்னவங்களுக்கு அது ஏன்னு சொல்லவே வேண்டாம்.

உங்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ்னு ஒரு திரவம் கிடைக்குது, அதை வாங்குங்க. ஒரே பக்கெட், எட்டு பத்து லிட்டர் தண்ணி, பாட்டில்ல சொன்ன அளவு மருந்து, அலசவே தேவையில்ல. அதுல சின்ன மைக்ரோஃபைபர் துணி எட்டைப் போட்டு ஊற வைங்க. கொஞ்சத்தை ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி முதல்ல அந்தப் பகுதியை நனைச்சு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு, ஒரு துணியை எடுத்து நாலா மடிச்சு லேசா ஒரே திசையில இழுங்க, அழுக்கான மடிப்பைத் திருப்பி அடுத்த மடிப்பு, எல்லாப் பக்கமும் முடிஞ்சதும் அந்தத் துணி தனியா ஒரு பைக்குள்ள போகட்டும், திரும்ப பக்கெட்டுக்குள்ள வரக் கூடாது. கூடவே காய்ஞ்ச துண்டால ஈரத்தை எடுத்துட்டே போங்க. சேறு அப்பின வண்டிக்கு மட்டும் இது ஆகாது, அன்னைக்கு வாஷிங் சென்டர்ல வெறும் தண்ணி மட்டும் அடிச்சுக் கொடுங்க, துணி போட வேண்டாம்னு சொல்லிட்டு பக்கத்துலயே நில்லுங்க.

அப்புறம் அந்த எட்டுத் துணியையும் வீட்டுத் துணியோட சேர்த்து மெஷின்ல போடாதீங்க, துண்டோட பஞ்சு அதுல ஒட்டிக்கும். தனியா, லிக்விட் சோப்புல, கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாம அலசி, தூசி படாத இடத்துல நிழல்ல காயப் போடுங்க. கீழ தரையில விழுந்த துணியை அன்னைக்கு கார்ல படவே விடாதீங்க.