ஹோஸ்டில் திருத்திய கோப்பு கெஸ்டில் பழையதாகவே வருவது ஏன்?

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில் (ஹோஸ்ட்) விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக, அதற்குள் இயங்கும் மெய்நிகர் இயந்திரமாக உபுண்டு லினக்ஸ் (கெஸ்ட்) பயன்படுத்துகிறேன். இணையதளக் கோப்புகள் விண்டோஸ் பக்கம் உள்ளன. அந்தக் கோப்புறையை உபுண்டுவுக்குப் பகிர்ந்து, என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக நிரல் மூலம் பிரவுசரில் பார்க்கிறேன். சிஎஸ்எஸ் கோப்பைத் திருத்திச் சேமித்தாலும் பழைய வடிவமே வருகிறது. சில நேரம் கோப்பு பாதியில் அறுபடுகிறது. சில நேரம் கடைசியில் புரியாத குறிகள் சேர்ந்துகொள்கின்றன. உபுண்டு டெர்மினலில் பார்த்தால் அளவும் நேரமும் சரியாகவே உள்ளன. என்ன செய்வது?

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் இதற்கான முக்கியத் தடயம். அளவும் நேரமும் சரி, உள்ளடக்கம் மட்டும் தவறு என்றால், இந்த இரண்டு தகவல்களும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்று பொருள். கோப்பின் அளவு, திருத்திய நேரம் ஆகியவற்றை உபுண்டு ஒவ்வொரு முறையும் விண்டோஸிடம் கேட்டுப் பெறுகிறது. உள்ளடக்கத்தையோ, ஒருமுறை படித்ததும் தன் நினைவகத்தில் உள்ள பேஜ் கேச்சில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துத் தரக்கூடும். சாதாரண வட்டில் இதனால் தொல்லை இல்லை. அங்கே எழுதுவதும் படிப்பதும் ஒரே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதால், எது மாறினாலும் அதற்குத் தெரிந்துவிடும். பகிர்வுக் கோப்புறையில் எழுதுவது விண்டோஸ், படிப்பது லினக்ஸ். இடையில் நடந்த மாற்றத்தை லினக்ஸிடம் யாரும் சொல்வதில்லை.

நீங்கள் கண்ட விசித்திரங்கள் அனைத்தும் இதிலிருந்தே வருகின்றன. பழைய கோப்பு 1,500 பைட் என்று கொள்வோம். பேஜ் கேச் 4,096 பைட் கொண்ட பக்கங்களாக வைக்கப்படுவதால், அந்தப் பக்கத்தில் 1,500 பைட்டுக்குப் பின் உள்ள இடம் பூஜ்ய பைட்டுகளால் நிரப்பப்பட்டிருக்கும். கோப்பை 1,900 பைட்டாக வளர்த்தால், என்ஜின்எக்ஸ் புதிய அளவை நம்பி 1,900 பைட்டை அனுப்பும். ஆனால் பழைய 1,500 பைட்டும் அதன் வாலில் 400 பூஜ்ய பைட்டுகளுமே போய்ச் சேரும். அந்தப் பூஜ்யங்கள்தான் உங்கள் பிரவுசரில் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. கோப்பை 1,200 பைட்டாகக் குறைத்தாலோ, பழைய உள்ளடக்கத்தின் முதல் 1,200 பைட் மட்டும் வந்து பாதியில் அறுபடும்.

அப்படியானால் டெர்மினலில், கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளை கொடுத்தால் சரியான உள்ளடக்கம் தெரிவதேன் என்று கேட்பீர்கள். கேட் போன்ற நிரல்கள் ரீட் என்ற கெர்னல் அழைப்பின் மூலம் படிக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வு மாட்யூலான விபாக்ஸ்எஸ்எஃப், நெடுங்காலமாக அந்த அழைப்பை நேரே ஹோஸ்டுக்கே அனுப்பிவந்தது. என்ஜின்எக்ஸ் வேகத்துக்காகப் பயன்படுத்தும் சென்ட்ஃபைல் அழைப்போ பேஜ் கேச் வழியாகச் செல்கிறது. எனவே ஒரே கோப்பு இரண்டு வழிகளில் இரண்டு விதமாகத் தெரிகிறது. இது பல ஆண்டுகளாக அறியப்பட்ட கோளாறு. மெய்நிகர் இயந்திரங்களை அமைத்துத் தரும் வேக்ரண்ட் கருவியின் ஆவணங்களிலும், விர்ச்சுவல்பாக்ஸ் பகிர்வில் சென்ட்ஃபைலை நிறுத்திவிடுங்கள் என்ற எச்சரிக்கை உள்ளது.

திருத்துவதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரவுசரின் சொந்தக் கேச் குழப்பாமலிருக்க, உபுண்டுவுக்குள்ளேயே கர்ல் கட்டளையால் அந்தக் கோப்பை லோக்கல்ஹோஸ்ட் முகவரியிலிருந்து இறக்கி, அதையும் பகிர்வில் உள்ள கோப்பையும் உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 கணக்கீட்டால் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால், ரூட் உரிமையுடன் கெர்னலின் டிராப் கேச்சஸ் அமைப்பில் 3 என்று எழுதிவிட்டு, மறுபடி இறக்குங்கள். இப்போது ஒத்துப்போனால் குற்றவாளி பேஜ் கேச்தான். இதைச் சோதனையாக மட்டுமே கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் மூலம் கேச்சைத் துடைக்கும்படி அமைத்துவிட்டு இருப்போரும் உண்டு. அது முழு கெஸ்டையும் மந்தமாக்கும், கோளாறும் இரண்டு துடைப்புகளுக்கு இடையில் அப்படியே இருக்கும்.

தீர்வு எளியது. உபுண்டு தரும் என்ஜின்எக்ஸ் அமைவுக் கோப்பில், ஹெச்டிடிபி பகுதியில் சென்ட்ஃபைல் ஆன் என்ற வரி இருக்கும். அதை ஆஃப் என்று மாற்றி, அமைவைச் சோதித்து, சேவையை ரீலோட் செய்யுங்கள். என்ஜின்எக்ஸுக்குப் பதிலாக அப்பாச்சி சேவையகம் பயன்படுத்துவோர் எனேபிள்சென்ட்ஃபைல், எனேபிள்எம்மேப் ஆகிய இரண்டையும் ஆஃப் செய்வது நல்லது, முன்னது 2.4 பதிப்பில் இயல்பாகவே ஆஃப், பின்னது இயல்பாக ஆன். கூடவே, விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்தபோதெல்லாம், கெஸ்டுக்குள் நிறுவும் அதன் துணை நிரல்தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸையும் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே ஒரு விபாக்ஸ்எஸ்எஃப் மாட்யூல் இருக்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் வேறொன்றைத் தருகிறது. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதால், மாட்இன்ஃபோ கட்டளையால் எந்த மாட்யூல் உங்களிடம் இருக்கிறது என்று அறிந்துகொண்டு பேசுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

உங்கள் நிலைக்கு நேர்மாறாக, உள்ளடக்கம் சரியாக இருந்து அளவோ நேரமோ பட்டியலோ பழையதாக இருந்தால், அது வேறு நோய். விண்டோஸ் கெஸ்ட் ஒன்று எஸ்எம்பி (விண்டோஸின் வலைவழிக் கோப்புப் பகிர்வு முறை) பகிர்வைப் பார்க்கும்போது, கோப்பு விவரங்களையும் கோப்புறைப் பட்டியலையும் இயல்பாக 10 விநாடியும், 'இப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பதிலை 5 விநாடியும் நினைவில் வைத்திருக்கும். இப்போதுதான் உருவாக்கிய கோப்பை நிரல் இல்லை என்று சொல்வதற்கு அந்த 5 விநாடியே பெரும்பாலும் காரணம். பவர்ஷெல்லின் எஸ்எம்பி கிளையன்ட் அமைவில் இந்த எண்களைக் குறைக்கலாம். என்எஃப்எஸ் என்ற யூனிக்ஸ் வகைப் பகிர்வு முறை வழியாக இணைத்த லினக்ஸ் கெஸ்டில் இந்தக் காலம் இன்னும் நீளம்: கோப்புகளுக்கு 3 முதல் 60 விநாடி, கோப்புறைகளுக்கு 30 முதல் 60 விநாடி. ஆக்டைமியோ என்ற மவுண்ட் விருப்பத்தில் 1 என்று கொடுத்தாலே வளர்ச்சிப் பணிக்குப் போதும். இந்த விவரக் கேச்சை அடியோடு நிறுத்தும் நோஏசி விருப்பத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள திட்டத்தில் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு வலைப்பயணம் என்றாகி, வேலையே நின்றுவிடும்.

நேர வேறுபாடு சரியாக 5 மணி 30 நிமிடமாக இருந்தால் கேச்சைத் தேட வேண்டாம். கணினிக் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால் வருவது அது. விர்ச்சுவல்பாக்ஸில் அந்த இயந்திரத்தின் சிஸ்டம் அமைப்பில் உள்ள யுடிசி தேர்வைச் சரிசெய்யுங்கள். மடிக்கணினியைத் தூங்கவிட்டு எழுப்பியபின் கெஸ்டின் கடிகாரம் பின்தங்குவதும் உண்டு. அப்போது, மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி தொகுக்கும் 'மேக்' என்ற லினக்ஸ் கருவி, கோப்பு எதிர்காலத்தில் திருத்தப்பட்டதாக எச்சரிக்கும். அதைப் புறக்கணித்தால் மறுபடி தொகுக்க வேண்டிய கோப்புகள் விடுபட்டுப்போகலாம்.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி எல்லாக் கோப்புகளும் மாறிவிட்டன என்று காட்டினால், பெரும்பாலும் அனுமதி பிட்டுகளே காரணம். விண்டோஸ் பகிர்வில் யூனிக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமில்லை. மவுண்ட் செய்யும்போது கொடுத்த ஒரே அனுமதியே எல்லாக் கோப்புகளுக்கும் காட்டப்படும். அந்தக் களஞ்சியத்தில் ஃபைல்மோட் அமைவை ஃபால்ஸ் ஆக்குங்கள். இணையதளக் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் போன்ற கருவிகள் மாற்றத்தை உணராமலிருந்தால், கோப்பு மாறியதை லினக்ஸ் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை அறிவிப்புகள் பகிர்வைக் கடந்து வருவதில்லை என்பதை நினைவில் கொண்டு, கோப்புகளை அவ்வப்போது தாமே சரிபார்க்கும் போலிங் முறைக்கு மாற்றுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் என் இயந்திரங்களில் செய்வது வேறு. திட்டக் கோப்புகளை உபுண்டுவின் சொந்த வட்டிலேயே வைத்து, விண்டோஸில் உள்ள எடிட்டரை எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இணைக்கிறேன். விஷுவல் ஸ்டுடியோ கோடில் இதற்கான நீட்சி உள்ளது. படிப்பதும் எழுதுவதும் ஒரே கெர்னலிடம் வந்துவிடுவதால், கேச்சும் அனுமதிகளும் ஐநோட்டிஃபையும் தாமாகவே ஒழுங்காகின்றன. பகிர்வுக் கோப்புறையைக் கோப்புகளை இங்கும் அங்கும் மாற்ற மட்டும் வைத்திருக்கிறேன். நீங்கள் பகிர்விலேயே தொடர்ந்தாலும், தரவுத்தளக் கோப்புகளை மட்டும் இன்றே உள்ளே நகர்த்திவிடுங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் 'வால்' முறை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை), தரவுத்தளத்தைத் திறக்கும் நிரல்கள் எல்லாம் ஒரே இயந்திரத்தில் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற நம்பிக்கையில் இயங்குவது. ஹோஸ்டும் கெஸ்டும் அதே கோப்பை ஒரே நேரத்தில் திறந்தால், சிஎஸ்எஸ் கோப்பைப் போல ரீலோட் செய்து மீட்க முடியாதபடி தரவே சிதைந்துபோகும்.