'சின்ன' நிலநடுக்கம் என்று யார் சொன்னது?

கேள்வி: முந்தாநாள் ராத்திரி எங்கள் பகுதியில் ஒரு சின்ன நிலநடுக்கம். கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி போட்ட படம் சுவரில் டக் டக்கென்று தட்டியதில் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் மனைவி அசையவே இல்லை. நானும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். அதற்கே கலங்காத எனக்கு, பக்கத்து அறையில் யாரோ போனைச் சத்தமாக வைத்து எதையோ பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. தினமும் இப்படிச் சின்னச் சின்ன எரிச்சல்கள். புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டால் மனசு அடங்கும் என்கிறார்கள். இந்த வயதில் எதைக் கற்கலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் 'சின்ன' மூன்று தடவை வந்திருக்கிறது. கற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்தச் சொல்லை ஒரு கை பார்த்துவிட வேண்டும். எங்கே நின்றுகொண்டு சின்னது என்கிறோம் என்று யோசிக்காமலே அந்தச் சொல்லை வீசுகிறோம். நிலநடுக்கத்தை ஆராய்கிறவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ பிடித்துவிட்டார்கள். அதனால்தான் அவர்கள் கையில் இரண்டு அளவைகள் இருக்கின்றன.

ஒன்று, நடுக்கம் மொத்தத்தில் எவ்வளவு பெரியது என்பது. 1935-இல் சார்லஸ் ரிக்டர் வகுத்தது. 'மேக்னிட்யூட்' என்ற பெயரை அவர் வானவியலிலிருந்து எடுத்துக்கொண்டார், விண்மீனின் ஒளியைக் குறிக்க அங்கே புழங்கிய சொல். இதில் ஓர் எண் கூடினால் கருவியில் பதியும் அலையின் வீச்சு பத்து மடங்காகும், வெளிப்படும் ஆற்றலோ சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. இந்த இடத்தில் என் பழைய சண்டை ஒன்றையும் போட்டுவிடுகிறேன். 'ரிக்டர் அளவுகோலில் பதிவானது' என்று எழுதாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் பல முறை சொல்லியாயிற்று. அளவுகோல் என்றதும் படிக்கிறவர் எங்கோ ஓர் அறையில் ஒரு கருவி நிற்பதாக நினைத்துக்கொள்கிறார். அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் பெரிய நடுக்கங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை என்று 1979-இல் தாமஸ் ஹாங்க்ஸும் ஹிரோ கனமோரியும் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள், பெரிய நடுக்கங்களுக்கு இன்று வெளியிடப்படுவது பெரும்பாலும் அவர்களுடைய எண்தான். 'நிலநடுக்கத்தின் அளவு 4.2' என்று எழுதினால் ஒரு சொல் மிச்சம், தப்பும் இல்லை.

இரண்டாவது அளவை, அந்த நடுக்கம் ஒவ்வோர் இடத்திலும் எப்படித் தெரிந்தது என்பது. இத்தாலியப் பாதிரியார் ஜுசெப்பே மெர்கல்லி 1902-இல் வெளியிட்டது. பலர் கை பட்டு 1931-இல் இன்று நாம் அறிந்த பன்னிரண்டு படி வடிவத்துக்கு வந்தது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம், ஏனென்றால் இது வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறது. மூன்றாம் படியில், வீட்டுக்குள் இருப்பவர்கள், அதிலும் மேல்மாடியில் இருப்பவர்கள், உணர்வார்கள். லாரி ஒன்று கடந்துபோனது போல இருக்கும், பலருக்கு அது நிலநடுக்கம் என்றே தோன்றாது. நான்காம் படியில் பாத்திரமும் ஜன்னலும் கதவும் கடகடக்கும், சுவரில் முறிகிற சத்தம் கேட்கும், இரவானால் சிலர் விழித்துக்கொள்வார்கள். அந்தச் சிலரில் ஒருவர் நீங்கள். ஒரே வீடு, ஒரே கட்டில், உங்கள் மனைவிக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

எரிச்சலை அளக்க இந்த இரண்டாவது அளவைதான் சரி. 'இதெல்லாம் ஒரு விஷயமா, இவ்வளவு சின்னதுக்கா' என்று அடுத்தவரைக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதல் அளவையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவர் எந்த மாடியில் இருக்கிறார், காலடியில் என்ன மண் என்று பார்ப்பதே இல்லை. 1985 செப்டம்பரில் மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் நடுக்கம் பிறந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த மெக்சிகோ நகரத்தில்தான் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் சரிந்தன, ஆயிரக்கணக்கில் உயிர் போயிற்று. அந்த நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் இருக்கிறது. இளகிய களிமண், வந்து சேர்ந்த அலையைப் பல மடங்கு பெருக்கிவிட்டது. மூன்று ராத்திரி சரியாகத் தூங்காத ஒருவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர், அவர்களெல்லாம் அந்த ஏரிப் படுகை மேல் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் 'சின்ன விஷயம்' என்று சொல்வதை நான் கொடுமை என்றே சொல்வேன்.

சரி, அதற்காக எரிச்சலைக் கொட்டித் தீர்த்துவிட்டால் நல்லதா? இதே பக்கத்தில் முன்பு ஒரு வாசகர் என்னோடு மல்லுக்கு நின்றார். அடிக்கடி சின்ன நடுக்கம் வந்தால் பூமியின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பெரிசு வராது, மனுஷனும் அப்படியே அவ்வப்போது கத்திவிட வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டுமே தப்பு என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 அளவில் ஒரு நடுக்கம் வெளியிடும் ஆற்றலை 3 அளவு நடுக்கங்களால் தீர்க்க வேண்டுமானால் பத்து லட்சம் நடுக்கங்கள் வேண்டும்.

இந்த நம்பிக்கையால் நடந்ததற்கு லாக்விலா சாட்சி. இத்தாலியின் அந்த நகரத்தில் 2009 தொடக்கத்தில் மாதக்கணக்கில் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன. ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, நிலைமை சாதகம்தான் என்று ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் பேசினார். நடுக்கம் வந்தால் ராத்திரியானாலும் வெளியே போய்விடுவது அந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கம், இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம் என்று பலர் பிறகு சாட்சி சொன்னார்கள். ஏப்ரல் 6 அதிகாலை மூன்றரை மணிக்கு 6.3 அளவில் வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்களுக்குப் பொய் நிம்மதி தந்ததாக 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் தண்டனை, 2014 மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை, அந்த அதிகாரிக்கு மட்டும் குறைந்த தண்டனை. விஞ்ஞானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது எனக்கு அப்போதே ஒப்பவில்லை, நடுக்கம் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 'வராது' என்று சொல்லவும் முடியாதே. ஒரு நடுக்கத்துக்குப் பின் சில நாளில் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் என்று கலிஃபோர்னியாவுக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது நிம்மதியாகத் திரும்பிப் படுக்கிற எண்ணும் இல்லை, அலறுகிற எண்ணும் இல்லை.

கத்தித் தீர்ப்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர், மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, இன்னொரு மாணவர் அதை மட்டமாகத் திட்டியதாகக் காட்டிக் கோபப்படுத்தினார். ஒரு கூட்டம் திட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியது. இன்னொரு கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தது. குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். அதனால் பக்கத்து அறைக் கதவைத் தட்டி, 'சத்தம் கேட்கிறது, கொஞ்சம் குறையுங்கள்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நிறைய எரிச்சல்களுக்கு ஒரு நிமிஷ வேலைதான் பாக்கி இருக்கிறது, அதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் சகித்துக்கொள்கிறோம்.

இப்போது கற்பது. மனசு அடங்குவதற்காக ஒன்றைக் கற்காதீர்கள், முதல் மாதத்திலேயே இருக்கிற அமைதியும் போய்விடும். 1897-இல் பிரயன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி கற்பவர்களை ஆராய்ந்தார்கள். ஹார்ட்டர் தாமே தந்தி வேலை பார்த்தவர். தந்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. காதால் கேட்டு வாங்கும் வேகமோ ஓரளவு ஏறி, அப்புறம் வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அசையவில்லை. பிறகு திடீரென்று மறுபடி ஏறியது. அந்தத் தேக்கத்தில் அவர்கள் காது எழுத்தெழுத்தாகக் கேட்பதை விட்டு முழுச் சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தது என்பது அந்த இரண்டு ஆய்வாளர்களின் விளக்கம். விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேக்கத்தில்தான் போகிறார்கள். நான் பத்து விரலாலும் பார்க்காமல் தட்டச்சு பழகியபோது ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நின்றேன். வலது சுண்டுவிரல் சொன்ன பேச்சே கேட்கவில்லை. ஒருநாள் ஒரு தலையங்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் விசைகளை நான் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது, சுவரில் துளை போட்டு ஒரு ஸ்க்ரூவை ஆடாமல் இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கேவலமாக நினைக்காதீர்கள், அதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது. டிரில்லை வைத்த உடனே அழுத்தினால் அதன் துளைக்கும் முனையான பிட் பூச்சின் மேல் வழுக்கிக் கோடு கிழித்துவிடும், முதலில் ஓர் ஆணியால் சின்னக் குழி தட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதற்குப் பிட்டின் மேல் டேப் சுற்றிக்கொள்ளலாம். பூச்சைத் தாண்டிச் செங்கல் வந்ததும் சத்தம் மாறும், சாம்பல் நிறத்தில் வந்த தூள் சிவப்பாகும். கண்ணை விலக்கிக்கொண்டு அந்தத் தூளை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் ராவல் பிளக் பாதியிலேயே நின்றுவிடும். கை ஆடித் துளை பெரிசாகிவிட்டால் ஸ்க்ரூவோடு பிளக்கும் சேர்ந்து சுற்றும், எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே போடாதீர்கள், உள்ளே வயர் ஓடும். முதல் பத்துத் துளை கோணலாகத்தான் வரும். கைக்கு வந்தபின், உயரமான புத்தக அலமாரி, பீரோ எல்லாவற்றையும் எல் வடிவத் தகடு வைத்துச் சுவரோடு இறுக்குங்கள். நடுக்கத்தில் வீடு நின்றுவிட்டாலும், விழுகிற சாமானால் அடிபடுகிறவர்கள் நிறைய.

அடுத்த தடவை படுக்கையில் இருக்கும்போது ஆடினால் எழுந்து ஓடாதீர்கள். குப்புறப் படுத்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பி அவருக்கும் சொல்லுங்கள்.

அந்தப் படத்துக்கு டிரில் கற்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய்க் கழற்றிக் கீழே வையுங்கள். சத்தம் கேட்டு நீங்கள் விழித்துக்கொள்கிறீர்கள், உங்கள் மனைவி விழிப்பதில்லை. கண்ணாடி அவர் தலைக்கும் மேலேதான் தொங்குகிறது.