குடல்வால் கட்டி: பயாப்ஸி ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு நோயியல் மருத்துவரின் பதில்கள்

மீனா: தம்பிக்கு வயிற்றுவலி என்று குடல்வாலை எடுத்தார்கள். பயாப்ஸியில் ‘நியூரோஎண்டோகிரைன் ட்யூமர், 0.8 செ.மீ., கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. புற்றுநோயா டாக்டர்?

பதில்: ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வரும் கட்டி இது; கார்சினாய்டு என்பார்களே, அதுதான். குடல்வாலின் நுனியில் பெரும்பாலும் இப்படித் தற்செயலாகத்தான் அகப்படும். புற்றுநோய்ப் பட்டியலில்தான் சேர்க்கிறோம். ஆனாலும் 1 செ.மீ.க்குக் குறைவு, வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை என்றால் பொதுவாக அதோடு சரி. 2 செ.மீ.க்கு மேல் போனால் வலப்பக்கப் பெருங்குடலையும் எடுக்கச் சொல்வார்கள். நடுவில் இருப்பவைதான் தலைவலி: ரத்தக்குழாயில் நுழைந்திருக்கிறதா, பக்கத்துக் கொழுப்பில் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். கிரேடு 1 என்றால் கேஐ-67, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு, 3 சதவீதத்துக்குக் கீழே. செல்கள் மெதுவாகப் பெருகுகின்றன.

ரஃபீக்: அம்மாவின் ஸ்கேனில் ‘மியூகோசில்’ என்று இருக்கிறது.

பதில்: குடல்வால் சளி சேர்ந்து வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். காரணம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உடையாமல் முழுசாக எடுப்பது முக்கியம்.

கவிதா: எனக்கு ‘லோ கிரேடு மியூசினஸ் நியோபிளாசம்’. லோ கிரேடு என்றால் ஏன் டி4ஏ என்று போட்டிருக்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. கிரேடு, செல்லின் முகத்தைச் சொல்வது. டி, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. சளி சுரக்கும் இந்தக் கட்டி குடல்வால் சுவரைத் துளைத்துப் பரவாது, நெட்டித் தள்ளிக்கொண்டு போகும். சுவரின் தசை வரை நின்றால் டிஐஎஸ், அதாவது ஆரம்ப நிலை. இதற்கு டி1, டி2 கிடையாது, நேரே டி3, டி4தான். வெளியுறையில் வெறும் சளி தெரிந்தாலே, செல் இல்லாவிட்டாலும், டி4ஏ. அதனால்தான் நாங்கள் குடல்வால் முழுவதையும் துண்டு போட்டுப் பார்க்கிறோம். சாதுவான செல்தான், ஆனால் வயிற்றுக்குள் கசிந்தால் அங்கே சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். சூடோமிக்சோமா பெரிட்டோனி என்பது அதுதான். பயப்பட வேண்டாம், சி.டி. ஸ்கேனையும் சி.இ.ஏ. என்ற கட்டிக் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனையையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

செந்தில்: மாமாவின் பழைய ரிப்போர்ட்டில் ‘கோப்லெட் செல் கார்சினாய்டு’. மீனாவுக்குச் சொன்னதுதான் இவருக்குமா?

பதில்: இல்லை! உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் இது கோப்லெட் செல் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல் புற்றுநோயில் ஒரு வகை. அந்த 1 செ.மீ., 2 செ.மீ. கணக்கு இதற்குப் பொருந்தாது; அடினோகார்சினோமா போலத்தான் நிலை குறிக்கிறோம். புற்றுநோய் மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது; பயாப்ஸி செய்த லேபில் பிளாக் (மெழுகில் பதித்த திசு), ஸ்லைடு (கண்ணாடியில் வைத்த அதன் மெல்லிய சீவல்) இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.