பந்தி, ஏலம், பவனி: சபை வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கத்து சபைகளிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சோற்றைப் பற்றியவைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

போன வருஷ அசனத்தில் (சபை விருந்தில்) மூன்றாம் பந்திக்குள் கறிக்குழம்பு புளித்துவிட்டது. வந்தவர்கள் 300 பேர். அளவு தப்பா, சமையல் தப்பா?
– வாசகர், காரைக்குடி

அளவை முதலில் சொல்லிவிடுகிறோம். 300 பேருக்குப் புழுங்கல் அரிசி 35 கிலோ, எலும்போடு ஆட்டுக்கறி 30 கிலோ, சின்ன வெங்காயம் 8 கிலோ, தக்காளி 6 கிலோ, தேங்காய் 25. கறி ஆளுக்கு 100 கிராம்தான் வருகிறது. கத்தரிக்காய்க் கூட்டும் ரசமும் உடனிருந்தால் இது போதும். குழந்தைகள் நிறைய வரும் சபையென்றால் அரிசியை 32 கிலோவாகக் குறைக்கலாம். கறியில் கை வைக்க வேண்டாம், பேச்சு வரும்.

குழம்பு புளித்ததற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய்தான். ஆராதனை 11 மணிக்கு முடியும் என்ற கணக்கில் விடியற்காலை 5 மணிக்கே தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு, மூடி வைத்துவிடுகிறார்கள். பிரசங்கம் நீள்கிறது, திருவிருந்து என்ற நற்கருணையும் சேர்கிறது, பந்தி போட 12.30 ஆகிவிடுகிறது. வெதுவெதுப்பாக ஏழு மணி நேரம் கிடந்த தேங்காய்க் குழம்பு வேறென்ன செய்யும்? கறியை வெங்காயம், தக்காளி, மசாலாவோடு வேகவைத்து அந்த நிலையிலேயே நிறுத்துங்கள். அரைத்த தேங்காய் விழுதைப் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் சேர்த்து, நடுவில் தளதளவென்று கொதி வரும்வரை விடுங்கள். ஓரத்தில் நுரை கட்டுவது கொதியல்ல. பிறகு தணலை இழுத்துவிட்டு, கை பொறுக்காத சூட்டிலேயே அண்டா இருக்கட்டும். அரைமணிக்கு ஒரு முறை அடிவரை கிளறுங்கள். வாளியில் மிஞ்சியதைத் திரும்ப அண்டாவில் கொட்டக்கூடாது. ஒரு பந்தியின் எச்சக் கரண்டி அடுத்த பந்திக் குழம்பையே கெடுத்துவிடும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய பித்தளை அண்டாக்களை வாடகைக்கோ அன்புக்கோ கொடுப்பார்கள். உள்ளே ஈயப்பூச்சு போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக மங்கிய பூச்சுக்கு நடுவே மஞ்சள் திட்டு தெரிந்தால் அதில் தக்காளி, புளி எதுவும் ஏற்றாதீர்கள். களிம்பேறிக் குழம்பு கசக்கும், வயிற்றையும் கலக்கும். சோறு வடிக்க அது ஆகும். ரசம், குழம்பு எல்லாம் எவர்சில்வரில் செய்யுங்கள்.

வடித்த சோற்றை 12 கிலோ அரிசிக்கு ஒன்றாக மூன்று ஈடாகப் பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுங்கள். மேலே தகரத் தட்டு வேண்டாம், ஆவி தண்ணீராகச் சொட்டிச் சோறு குழைந்துபோகும். வாழையிலையோ துணியோ போதும். பந்திக்கு 75 பேர், ஒரு பந்திக்கு 25 நிமிஷம் என்று வைத்தால் நான்கு பந்தியும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இரண்டு பேர் நிற்க வேண்டும். தண்ணீருக்கு ஆள் போட மறந்துவிடுவதுதான் எல்லா அசனத்திலும் நடக்கிறது.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். பக்கத்திலுள்ள சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயத்துக்குப் போகிறாள். "எலெக்டோரல் ரோலில் பெயர் கொடுங்கள்" என்கிறார்களாம். ஓட்டுப் போடுகிற விவகாரமா? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை கொடுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அரசாங்க வாக்காளர் பட்டியல் வேறு, இது வேறு. அந்தச் சேகரத்தின், அதாவது அந்த ஆலயத்துக்குட்பட்ட வட்டாரத்தின், அங்கத்தினர் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும். சேகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், அல்லது ஆறு மாதம் அங்கே வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். 1947 செப்டம்பர் 27-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்து சபையோடு திருவிருந்து ஐக்கியத்தில், அதாவது ஒன்றின் திருவிருந்தில் மற்றதன் அங்கத்தினரும் பங்கெடுக்கும் உறவில், இருப்பதால் உங்கள் மகள் தயங்க வேண்டியதில்லை. இங்கே போலச் சந்தா கட்டினால்தான் பெயர் என்ற கணக்கு அங்கே இல்லை. படிவம் மட்டும்தான்.

தவறுவது எங்கே என்றால், ஆறு வருஷத்துக்கு ஒரு முறை பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். 2025-ல் எழுதினார்கள், அடுத்தது 2031. அந்த வருஷம் திரும்பப் படிவம் கொடுக்காதவர்கள், முப்பது வருஷ அங்கத்தினராக இருந்தாலும் வெளியேதான். வருஷாந்தரக் கூட்டம் மே 31-க்குள் நடக்கும். அதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அந்த வருஷப் பதிவேட்டை மூடிவிடுவார்கள். ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே படிவத்தைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சேகர மன்றத்துக்கு, அதாவது பி.சி.சி.க்கு நிற்க ஆசையிருந்தால் பதிவேட்டில் பெயர் ஏறி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

வேடிக்கை ஒன்று. சேகரக் கூட்டத்தோடு சேர்த்து சர்ச் வார்டன்கள் தேர்தலும் நடக்கும், வழக்கமாக இரண்டு பேர். அந்தத் தேர்தலில் ஆலயப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அந்தச் சேகர எல்லைக்குள் உள்ளூராட்சி வாக்காளர் பட்டியலில் இருக்கும் எவரும் ஓட்டுப் போடலாம். ஆலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவரும், வேறு மதத்தாரும் போடலாம். நம் கமிட்டித் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது நெஞ்சைப் பிடிக்கும்.

நடைமுறைக்குச் சில. இங்கிருந்து ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகளும் குருவானவரின் கடிதமும் அனுப்பிவையுங்கள். ஆராதனை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். அங்கே பழக்கம் உண்டாவதெல்லாம் ஆராதனைக்குப் பிறகு கொடுக்கும் காப்பியின்போதுதான். இரண்டாம் மாதம் காப்பி முறைப் பட்டியலில் பெயர் கொடுத்தால், மூன்றாம் மாதம் பாதிப் பேருக்கு அவளைத் தெரிந்திருக்கும். ஞாயிறு பள்ளியில் உதவ வேண்டுமென்றால் அப்படி உடனே முடியாது. டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி இரண்டும் முடிய வேண்டும். வெளிநாட்டில் இருந்தவர்களிடம் அந்நாட்டுப் போலீஸ் சான்றும் கேட்பதுண்டு. இதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பாதிரியாரின் மனைவிக்கும் அதே சோதனைதான்.

காணிக்கையைக் கிஃப்ட் எய்ட் படிவத்தோடு கொடுக்கச் சொல்லுங்கள். அவள் அங்கே வருமான வரி கட்டுகிறவள் என்பதால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸை அரசாங்கம் சபைக்குச் சேர்த்துக் கொடுக்கும். அவள் கையிலிருந்து கூடுதலாக ஒரு காசு போகாது.

மதர்ஸ் யூனியன் என்பது நம் பெண்கள் ஐக்கிய சங்கம்தானா? அம்மாக்கள் மட்டுமா சேர முடியும்?
– வாசகி, கோட்டையூர்

உறவு உண்டு, ஒன்றல்ல. 1876-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓல்ட் ஆல்ரெஸ்ஃபர்ட் சேகரத்தில் மேரி சம்னர் தொடங்கியது மதர்ஸ் யூனியன். பெயர்தான் அப்படி. இன்று மணமாகாதவர்களும் ஆண்களும்கூட அங்கத்தினராக இருக்கிறார்கள்.

அறுப்புப் பண்டிகையில் படைத்த பொருள்களின் ஏலத்தில் கேட்கிற தொகைக்கும் கைக்கு வருகிற தொகைக்கும் சம்பந்தமே இல்லை. கிறிஸ்துமஸ் வரை நிலுவை. என்ன செய்யலாம்?
– சபைப் பொருளாளர், காரைக்குடி வட்டாரம்

இப்போது உலகமெங்கும் நடக்கும் அறுப்புப் பண்டிகை ஆராதனைக்கு வழி காட்டியவர் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். ஆண்டு 1843. இன்று இங்கிலாந்துச் சேகரங்களில் டின் சாமான்களைப் படைத்து ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு அனுப்பிவிடுவது அதிகம், நிலுவைத் தொல்லை குறைவு. நமக்கோ சேவல் இல்லாத பண்டிகை பண்டிகையாகாது.

நிலுவை விழுவது ஒரே இடத்தில்தான். ஏலம் எடுத்தவர் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே நடையைக் கட்டிவிடுகிறார். பொருளும் பணமும் சந்திக்கும் இடம் ஒன்று வேண்டும். மூன்று மேஜை போடுங்கள். முதல் மேஜையில் படைத்த பொருளுக்கு எண் சீட்டு ஒட்டி நோட்டில் எழுதுவார்கள்: எண், பொருள், கொடுத்தவர். ஏலம் கூறுபவர் பக்கத்தில் இரண்டாம் மேஜை: எடுத்தவர், தொகை. வாசல் பக்கம் மூன்றாவது: ரசீது எண். பொருள் ஏலக்காரர் கையிலிருந்து நேரே மூன்றாம் மேஜைக்குப் போகட்டும். ரசீதைக் காட்டியவருக்குத்தான் பொருள். ஜிபே வசதி வையுங்கள், ஆனால் ஆலயக் கணக்கின் கியூஆர் அட்டையாக இருக்கட்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வாங்கினால் நாளைக்கு அவர் நல்லவர் என்று நிரூபிக்க அவரிடமே ஒன்றும் இருக்காது. மாலையில் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் இரண்டு கையெழுத்துப் போட்ட பிறகே பணம் ஆலயத்தை விட்டு நகர வேண்டும்.

கௌரவத்துக்காகக் கடன் கொடுத்தே ஆக வேண்டிய சில பேர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இரண்டு வாரக் கெடு எழுதிய துண்டுச் சீட்டு கொடுங்கள். பாக்கிப் பெயர்களை ஆராதனையில் வாசிக்கும் வழக்கம் வேண்டாம். பணமும் வராது, ஆளும் வரமாட்டார்.

ஏல வரிசையில் உயிருள்ளவை முதலில் போகட்டும். காலைக் கட்டிய கோழி நம்மூர் வெயிலில் மதியம் வரை தாங்காது. நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். அடுத்து முட்டை, பால், கீரை. நெல், தேங்காய், பூசணி எல்லாம் பிறகு. போட்டி போட்டு ஏற்றும் எலுமிச்சம்பழமோ கேக்கோ கடைசியில் இருந்தால்தான் கூட்டம் கலையாது.

டிசம்பரில் ஞாயிறு பள்ளியில் 40 பிள்ளைகளைக் கொண்டு கிறிஸ்டிங்கிள் ஆராதனை (ஆரஞ்சில் மெழுகுவர்த்தி செருகி ஏற்றும் ஆராதனை) வைக்க ஆசை. ஆரஞ்சில் மெழுகுவர்த்தி நிற்கவே மாட்டேன் என்கிறது.
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, தேவகோட்டை

கமலா ஆரஞ்சு வாங்கியிருப்பீர்கள். அதன் தோல் சுளையை விட்டு விலகி நிற்பதால் வர்த்தி ஆடும். சாத்துக்குடி வாங்குங்கள், தோல் ஒட்டியிருக்கும். பச்சையாக இருந்தால் பரவாயில்லை. பழத்தின் உருண்டை உலகம், வர்த்தி உலகத்தின் ஒளியான கிறிஸ்து, சிவப்பு நாடா அவர் இரத்தம், நான்கு குச்சிகள் நான்கு திசை அல்லது பருவங்கள், குச்சியிலுள்ள பழங்கள் பூமியின் விளைச்சல். மொரேவியர்கள் 1747-ல் ஜெர்மனியில் தொடங்கிய வழக்கம் இது. 1968-ல் சில்ரன்ஸ் சொசைட்டி மூலம் இங்கிலாந்துச் சேகரங்களுக்கு வந்தது.

40 பேருக்கு: சாத்துக்குடி 45 (ஐந்து கெடும்), சிவப்பு நாடா ஆளுக்கு 30 செ.மீ. வீதம் 12 மீட்டர், பல் குத்தும் குச்சி 160, அலுமினியத் தாள் 8 செ.மீ. சதுரமாக 40, ஒரு சாண் நீளத்தில் பாதியுள்ள வர்த்திகள். பழத்தின் தலையில் சின்னக் கத்தியால் பெருக்கல் குறிபோல் கீறுங்கள். வர்த்தியின் குறுக்களவைவிடக் கீறல் குறைவாக இருக்கட்டும், ஆழம் 2 செ.மீ. போதும். பழத்தைக் குடைந்து எடுத்தால்தான் சாறு வழிந்து வர்த்தி சரியும். கீறலின் மேல் அலுமினியத் தாளை வைத்து, அதன் நடுவே வர்த்தியை அழுத்தி இறக்குங்கள். தாள் பிடியும் கொடுக்கும், உருகும் மெழுகையும் வாங்கிக்கொள்ளும்.

நாடாவையும் வர்த்தியையும் முந்தின நாள் மாலையே முடிக்கலாம். திராட்சை, செர்ரி கோத்த குச்சிகளை ஞாயிறு காலையில்தான் செருக வேண்டும். ராத்திரி வைத்தால் காலையில் எறும்புதான் ஆராதிக்கும். தட்டுகளைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைப்பது உத்தமம்.

நெருப்பைப் பற்றி ஒன்று. இங்கே பிள்ளைகள் பட்டுப் பாவாடை, நைலான் ஃபிராக், நீளப் பின்னல், மல்லிகைச் சரம் என்று வருவார்கள். முன்னால் நிற்பவளின் பின்னல் பின்னால் நிற்பவன் வர்த்தியின் உயரத்தில் இருக்கும். வரிசையில் நிறுத்தாமல் சுவரோரம் வட்டமாக நிறுத்துங்கள். ஆறு வயதுக்குக் கீழே பேட்டரி வர்த்தி மட்டும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டு நீளத்துக்கு மட்டும் ஏற்றி அணைத்துவிடுங்கள். மணல் வாளி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு, அதாவது வீடு வீடாகப் பாடிப் போவதற்கு, ஒரு ராத்திரியில் எத்தனை வீடு போகலாம்?
– வாலிபர் ஐக்கியம், காரைக்குடி

மாலை 6 முதல் இரவு 10 வரை 240 நிமிஷம். பாட்டு, ஜெபம், தட்டில் நீட்டும் கேக்கும் முறுக்கும், அடுத்த வீட்டுக்கு நடை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 12 நிமிஷம். ஆக 20 வீடுதான். 35 வீட்டுக்குத் தேதி சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பாடுவதெல்லாம் வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்னதாக அனுமதி எழுதி வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை அது ஓயத்தான் வேண்டும். நம் ஊரில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள் ஏராளம். பட்டியலில் எந்தத் தெரு வாசல் என்று எழுதாவிட்டால், வீட்டார் முகப்பில் காத்திருக்க நீங்கள் கொல்லைக் கதவுக்குப் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

மகனுக்கும் அவன் பார்த்திருக்கும் பெண்ணுக்கும் இங்கிலாந்து ஆலயத்தில் திருமணம். இருவரும் இந்தியக் குடிமக்கள். இங்கே மூன்று ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தால் போதாதா?
– வாசகர், தேவகோட்டை

போதாது. அங்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு, வாசித்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். ஆனால் அந்த வழி இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது. இருவரும் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து, பதிவாளரின் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். அறிவிப்புக்குப் பின் 28 நாள் காத்திருக்க வேண்டும். விசா விவகாரத்தில் சந்தேகம் வந்தால் அது 70 நாள் வரை நீளும். ஆகவே அங்குள்ள பாதிரியாரிடம் முதலில் பேசி, பதிவு அலுவலகத்தில் நாள் வாங்கி, அதற்குப் பிறகு பத்திரிகை அடியுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸும் விமான டிக்கெட்டும் அதற்குப் பிறகுதான்.