எம்.எஸ்சி முடித்தால் கவுன்சலர் ஆகிவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி உளவியல் கடைசி வருடம். அடுத்து கவுன்சலிங்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி எம்.எஸ்சி முடிச்சா வேலை கிடைச்சிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது, எங்கே என்று பின்னால் சொல்கிறோம். அதைவிட முக்கியம், கிடைத்த வேலையில் அவள் நிலைத்து நிற்பாளா என்பது. இந்தத் துறையில் பட்டம் வைத்திருப்பவர்கள் ஏராளம். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், அதாவது சூப்பர்விஷனில், கிளையன்ட் (ஆலோசனைக்கு வருபவர்) பார்த்துப் பழகியவர்கள் குறைவு. நல்ல பள்ளியும் மருத்துவமனையும் தொண்டு நிறுவனமும் இரண்டாவது வகை ஆட்களைத்தான் தேடுகின்றன. அதனால் கல்லூரி பார்க்கும்போது ஃபீஸுக்கு அடுத்து நீங்கள் விசாரிக்க வேண்டியது சூப்பர்விஷனைத்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதுவது அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட வேண்டுமானால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், வெறும் எம்.எஸ்சியை வைத்து அப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர், எம்.எஸ்.டபிள்யூ எனப்படும் சமூகப்பணி முதுகலைப் படிப்பு வழியாக வருபவர். உங்கள் மகள் கேட்பது நான்காவது பாதை, கவுன்சலர் அல்லது கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட். பிறகு கிளினிக்கல் பக்கம் போக ஆசை வந்தால், இதுவரை இருந்த வழி இரண்டு வருட எம்.ஃபில். அதற்கு யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரைதான் நீட்டிப்பு கொடுத்தது. அதனால் சேரும் வருடத்தில் எந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் அங்கீகாரத்தோடு இருக்கிறது என்று ஆர்சிஐ இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளர்களும் கவுன்சலர்களும் இருக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் படிப்பைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி சைக்காலஜி" என்று யாராவது இப்போது அட்மிஷன் போடக் கூப்பிட்டால் பணம் கட்டாதீர்கள். வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் மாடிப்படியில் பலகை தொங்கும் மூன்று மாத, ஆறு மாத டிப்ளமாக்களும் அப்படித்தான். ஒரு அறிமுகத்துக்கு உதவலாம். அதை வைத்துக்கொண்டு கிளையன்ட் பார்க்க உட்காரக் கூடாது.

உங்கள் பக்கத்திலிருந்து போய்வருவது சிரமமில்லை. விம்கோ நகர் மெட்ரோ வந்த பிறகு எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் எல்லாம் தினமும் போய்வரும் தூரம்தான். எந்தக் கல்லூரியானாலும் நேரில் போய், முடிந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்: இரண்டு வருடத்தில் நிஜமான கிளையன்ட்டோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்? சூப்பர்வைசர் இன்னும் கிளையன்ட் பார்ப்பவரா, வகுப்பு மட்டும் எடுப்பவரா? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? செஷனைப் பதிவு செய்தோ வரிக்கு வரி எழுதியோ காட்டச் சொல்கிறார்களா, இல்லை கடைசியில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து மட்டும்தானா? மருத்துவமனை போஸ்டிங்கில் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா, நீங்களே பேசினீர்களா? 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நாலைந்து வாரம் முழுதாக நிற்கவைக்கும் கல்லூரி, ஏசி வகுப்பறை வைத்திருக்கும் கல்லூரியைவிட மேல்.

சூப்பர்விஷன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். வியாசர்பாடிப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் பையனை டீச்சர் அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள். புதிதாகப் படித்து வந்தவர் கேட்பது, "உனக்கு என்ன ஃபீல் ஆகுது?" பையன் சொல்வான், "ஒண்ணுமில்ல." அடுத்த பத்து நிமிடம் அறிவுரையில் போகும். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் நம் மக்கள் துக்கத்தை உடம்பின் வழியாகச் சொல்கிறார்கள். "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "சோறு எறங்கல", "மனசே சரியில்ல". பழகிய கவுன்சலர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்வார்: "படபடப்பு எப்ப வரும்? போன வாட்டி வந்தப்ப எங்க இருந்த? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு?" மூன்றாவது கேள்வியில் வீட்டில் அப்பா குடித்துவிட்டு வரும் நேரம் வெளியே வரும். இதைப் புத்தகம் சொல்லித் தராது. அந்தப் பத்து நிமிடப் பேச்சை வரிக்கு வரி எழுதிக்கொண்டு போய்க் காட்டும்போது, "இந்த இடத்துல அவன் நின்னான், நீ ஏன் அவசரப்பட்டே?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதே நிம்மதி. "வாழவே பிடிக்கல"ன்னு சொன்னால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று மெதுவாக, தெளிவாகக் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் எவ்வளவு நாளாக, எப்படி என்று யோசித்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா, இன்று வீட்டில் யார் கூட இருப்பார்கள் என்று வரிசையாகப் போக வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு சத்தியம் வாங்குவது. "இனிமே இப்படி நெனைக்க மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு." பிள்ளை சத்தியம் செய்யும், அடுத்த முறை எண்ணம் வரும்போது சத்தியத்தை மீறிவிட்டோமே என்று யாரிடமும் சொல்லாது. அதற்குப் பதில் ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும்: எண்ணம் வரப்போகிறது என்பதை எது காட்டும், உடனே தனியாக என்ன செய்யலாம், மனதைத் திருப்ப எங்கே, யாரிடம் போகலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவர், எந்த எண், ஆபத்தான பொருட்களை யார் எடுத்து வைப்பது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையின் 14416 எண்ணும் 104-ம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அன்றே சூப்பர்வைசருக்குத் தகவல் போக வேண்டும்.

வடசென்னையில் வேலை செய்பவர் இன்னும் சிலவற்றில் கவனமாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவரிடம் "இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொல்வது கவுன்சலிங் அல்ல, ஆபத்து. சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாத குழப்பம், நடுக்கம் வந்து உயிரே போகலாம். முதலில் மருத்துவமனை, பிறகுதான் பேச்சு. எப்போதும் அசதி, உடம்பு கனம் என்று வரும் பெண்ணுக்கு தைராய்டும் ரத்த சோகையும் பார்க்காமல் மனச்சோர்வு என்று முடிவு கட்டக் கூடாது. கணவன் அடிக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால், அவள் அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெருக்காரர், உறவுக்காரர் வந்தால் வேறொருவரிடம் அனுப்புவதே நல்லது.

ரகசியம் காப்பதன் எல்லையை முதல் செஷனின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பாலியல் தொல்லையைச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "ஸ்கூல் பேரு கெட்டுடும், பாத்துக்கலாம்" என்று நிர்வாகம் சொன்னாலும் பொறுப்பு கவுன்சலர் தலையில்தான். இதை முன்கூட்டியே சொல்லாமல் கேட்டுவிட்டுப் பிறகு போலீஸுக்குப் போனால், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது.

பட்டத்துக்குப் பிறகு சான்றிதழ் சேர்க்கும் ஆசை வரும். வார இறுதி ஒர்க்‌ஷாப், இரண்டு நாளில் ஒரு தெரபி, ஆயிரக்கணக்கில் கட்டணம். எங்கள் கருத்து: ஒரு முறையை எடுத்துக்கொண்டு, சூப்பர்விஷனோடு இரண்டு வருடமாவது அதிலேயே நிற்கட்டும். தொடக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பிஎம் பிளஸ் (பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்) கையேடு மிகப் பொருத்தம், இணையத்தில் இலவசம். வாரம் ஒன்றாக ஐந்து செஷன், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். மெதுவாக மூச்சு விடுவது, தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் தனியாகப் பிரித்துப் படிப்படியாக அணுகுவது, விட்டுப்போன அன்றாட வேலைகளுக்குச் சிறிது சிறிதாகத் திரும்புவது, உதவிக்கு ஆட்களைச் சேர்ப்பது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது, ஆனால் ஒழுங்காகச் செய்தால் பலன் தருகிறது. கூடவே மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வைத் தீவிரமாகப் பார்க்க வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஒன்பதாவது கேள்விக்கு என்ன பதில் என்று பார்க்காமல் தாளை மூடக் கூடாது. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அங்கேதான் தெரியும். மூன்று நான்கு செஷனுக்கு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்தால், முன்னேற்றம் இருக்கிறதா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்பது தெரிந்துவிடும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பள்ளி, கல்லூரி, போதை மறுவாழ்வு மையம், எச்ஐவிக்கான நம்பிக்கை மையம், பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஹெல்ப்லைன், கம்பெனிகள். அரசு சார்ந்தவற்றில் பலவும் ஒப்பந்த வேலை. தொடக்கத்தில் தனியார் பள்ளி ஆசிரியர் சம்பளத்தைத் தாண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்டர்வியூவில் அவளும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எனக்கு சூப்பர்விஷன் யார் தருவாங்க?" யாருமில்லை என்றால், நாலைந்து பேர் சேர்ந்து மாதம் இருமுறை கூடி, ஒருவர் கேஸ் வைக்க மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கும் குழு அமைத்துக்கொள்ளலாம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைக்கலாம். பிரிட்டனில் கவுன்சலர்களின் பெரிய சங்கமான பி.ஏ.சி.பி, கிளையன்ட் பார்க்கும் உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷன் என்று விதித்திருக்கிறது, இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும்கூட. அதையே அளவாக வைத்துக்கொள்ளட்டும். முதல் இரண்டு வருடம் சொந்தமாக கிளினிக் போட வேண்டாம்.

"அடுத்தவங்க கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே ஏதாவது ஆயிடாதா" என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம். ஒரு நாளைக்கு நாலைந்து செஷனுக்கு மேல் வைக்கக் கூடாது, இரண்டுக்கு நடுவே பத்து பதினைந்து நிமிடம் விட வேண்டும், சொந்த மொபைல் எண்ணை கிளையன்ட்டுக்குத் தரக் கூடாது, இரவு வாட்ஸ்அப்பில் ஆலோசனை கூடாது. தூக்கம் கெட்டாலோ, ஒரு கேஸ் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் விடாமல் துரத்தினாலோ, அவளும் ஒரு கவுன்சலரிடம் போக வேண்டும். அப்போது வீட்டில் யாரும் "நீயே கவுன்சலர், உனக்கு எதுக்கு?" என்று கேட்காமல் இருப்பது உங்கள் பங்கு.

சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு தனி நோட்டுப் போடச் சொல்லுங்கள். தேதி, இடம், கிளையன்ட்டின் பெயரில்லாமல் ஒரு குறியீடு, எத்தனை நிமிடம், சூப்பர்வைசர் பெயர், அவர் கையெழுத்து. பின்னால் பதிவுக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ மணிக்கணக்குக் கேட்கும்போது, கல்லூரி ரெக்கார்டைத் தேடி அலைவதைவிட அந்த நோட்டு கையோடு இருப்பது நல்லது. மாதம் ஒருமுறை பக்கங்களை ஸ்கேன் செய்து வைக்கட்டும்.