ஆவாரையில் புழு விழுந்தால் என்ன மருந்து அடிக்கலாம்?

வறட்சியைத் தாங்கும், தேனீயும் பறவையும் தேடி வரும் நாட்டுச்செடி என்று நம்பி ஆவாரை வைத்ததாகவும், பச்சைப் புழுக்கள் அதை மொட்டையடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எதையும் அடிக்காதீர்கள். அடித்து வருந்தியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் ஆவாரை இரண்டாம் ஆண்டில் முதன்முறையாகப் பூத்தபோது, நடுநரம்பை ஒட்டிப் படுத்திருக்கும், பக்கவாட்டில் கரும்புள்ளி வரிசை ஓடும் அதே பச்சைப் புழுக்கள் வந்தன. பதறிப்போய் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தொடர்ந்து தெளித்தேன். இலைகள் தப்பின, ஆனால் நாள்தோறும் காலையில் கிளைக்குக் கிளை தாவிப் புழுக்களைப் பொறுக்கிச் சென்றுகொண்டிருந்த தையல்சிட்டு அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. அவை கொன்றை வெள்ளையன் வகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் என்பதும், அவற்றுக்காகத்தான் சிட்டு வந்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. மறு ஆண்டு கை வைக்காமல் விட்டேன். செடி மொட்டையானது, மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர்த்தது.

காய்கறி பயிரிடுபவருக்குத்தான் புழுவின் கொடுமை தெரியும் என்று யாராவது சொல்லக்கூடும். நானும் காய்கறி வளர்ப்பவன்தான். இந்தப் புழு கத்தரிக்கோ தக்காளிக்கோ தாவுவதில்லை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, எனவே தேன்சிட்டை எதிர்பார்க்க வேண்டாம். பூ தருவது மகரந்தம் மட்டுமே; அதுவும் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளிவரும். பெரிய கருவண்டு, அதாவது தச்சுத்தேனீ, வந்து மகரந்தப் பையைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடலை மட்டும் அதிர வைக்கும்போது, ரீங்காரம் சட்டென்று கூர்மையாகி, மஞ்சள் பொடி அதன் வயிற்றில் தெறிப்பதை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள்.

பையில் வளர்த்து விற்கும் கன்றுகள் மீதுதான் எனக்கு வருத்தம். ஆழமாக இறங்க வேண்டிய ஆணிவேர் பைக்குள் சுருண்டுவிடுவதால், நான் வாங்கி நட்ட மூன்றுமே முதல் கோடையில் பட்டுப்போயின. இன்று நிற்பவை, கடினமான விதைத்தோல் இளகுவதற்காகச் சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, நேரடியாக நிலத்தில் ஊன்றியவை. முதல் கோடைக்குப் பிறகு அவற்றுக்கு நான் தண்ணீர் விட்டதே இல்லை.

உங்கள் செடி காய்ந்துவிட்டது என்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். இரக்கப்பட்டுத் தண்ணீரையும் கொட்டாதீர்கள், தேங்கினால் வேர் அழுகும். குச்சியை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் துளிர்க்கும்.