பாப்பாவுக்கு பல்ஸ் 136, பாட்டிக்கு 70: மெஷின் தப்பா காட்டுதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பொண்ணுக்கு 8 மாசம். கொரோனா சமயத்துல வாங்கின விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வீட்ல இருக்கு, நேத்து சும்மா எல்லாருக்கும் மாட்டி பாத்தோம். மாமியாருக்கு பல்ஸ் 70, வீட்டுக்காரருக்கு 74, 6 வயசு பையனுக்கு 96, பாப்பாவுக்கு 136. ஆக்சிஜன் அவளுக்கு மட்டும் 88, 91னு மாறி மாறி வருது. மூச்சும் வேகமா இருக்கற மாதிரி தெரியுது. பையனுக்கு பிபி 92/58, லோ பிபியா? பாப்பா நல்லா பால் குடிக்கறா, சிரிக்கறா, உக்கார வச்சா தனியா உக்காந்துக்கறா, ஆனா இன்னும் தவழல. பொறந்தப்போ 2.8 கிலோ, இப்ப 7.6. பயத்துல எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

பதில்: முதல்ல பயத்த விடுங்கம்மா, நீங்க எழுதின நாலு பல்ஸும் நார்மல்தான். ஒரு பேப்பர்ல வயசு வரிசையா எழுதி பாருங்க, 136, 96, 74, 70, படிக்கட்டு மாதிரி இறங்கி வருதுல்ல? அது அப்படித்தான் இறங்கணும். பொறந்ததுல இருந்து ஒரு வயசு வரைக்கும் முழிச்சிருக்கற குழந்தைக்கு 100லேர்ந்து 160 வரைக்கும் சாதாரணம், வீறிட்டு அழும்போது 180ஐ கூட தொடும், தூங்கினா 90 பக்கம் வரும். ஸ்கூல் போற வயசுல 75லேர்ந்து 118, பதிமூணு பதினாலு வயசுக்கு மேல நம்மள மாதிரி 60லேர்ந்து 100. காய்ச்சல் வந்தா ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமாரா 10 துடிப்பு கூடும், அதனால காய்ச்சல்ல எடுத்த பல்ஸ வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

ஏன் இவ்ளோ வேகம்னு கேப்பீங்க. பொறந்த குழந்தையோட இதயம் ஒரு துடிப்புக்கு தள்ளுற ரத்தம் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன், 5 மில்லிதான். பெரியவங்களுக்கு 70 மில்லி. ஆனா எடைக்கு எடை பாத்தா குழந்தைக்கு தேவைப்படற ஆக்சிஜன் நம்மள விட ரெண்டு மடங்கு, ஏன்னா அது இருக்கறதும் வளர்றதும் ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யுது. சின்ன கரண்டியால பெரிய அண்டாவ ரொப்பணும்னா கை வேகமா ஓடித்தானே ஆகணும். இதயம் பெருசாக பெருசாக ஒரு துடிப்புல போற ரத்தம் கூடும், வேகம் தானா குறையும்.

அடுத்து அந்த 88, 91. உங்க கடுதாசில இத மட்டும் நான் அப்படியே விடமாட்டேன். அந்த கிளிப் பெரியவங்க விரலுக்கு செஞ்சது, 8 மாச குழந்தையோட விரல் அதுக்குள்ள பாதி கூட நிறையாது, வெளிச்சம் பக்கத்துல கசியும், அவ கைய ஆட்டிட்டே இருப்பா, நம்பர் தப்பாத்தான் வரும். நல்லா பால் குடிச்சு சிரிக்கற குழந்தைக்கு அது மெஷின் கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் நான் இங்கேருந்து அத உறுதியா சொல்லக்கூடாது, அதனால இன்னைக்கே பக்கத்துல குழந்தைங்க டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, கால்ல சுத்துற சின்ன சென்சார் வச்சு ரெண்டு நிமிஷத்துல பாத்துடுவாங்க, 95க்கு மேல இருந்தா நிம்மதியா வந்துடலாம்.

மூச்சு விஷயம்தான் நான் ரொம்ப சொல்ல நினைக்கறது, ஏன்னா இதுக்கு மெஷினே வேணாம், அம்மாவோட கண்ணும் ஒரு கடிகாரமும் போதும். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு குழந்தைக்கு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கி கேஸ் ஷீட்ல 64ன்னு எழுதிட்டேன், எங்க மேடம் பாத்துட்டு "உக்காந்து முழுசா எண்ணுங்க"ன்னாங்க, எண்ணினா 46. குழந்தை ஒரே சீரா மூச்சு விடாது, கொஞ்ச நேரம் படபடன்னு விடும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி விடும். பச்ச குழந்தைங்க 5, 10 செகண்ட் நிறுத்தறது கூட உண்டு, 20 செகண்ட் தாண்டினாலோ நீலம் பாஞ்சாலோதான் ஆபத்து. அதனால அவ தூங்கும்போதோ மடியில அமைதியா இருக்கும்போதோ சட்டைய தூக்கி விட்டுட்டு வயிறு ஏறி இறங்கறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. பால் குடிக்கும்போதும் அழும்போதும் எண்ணாதீங்க. 2 மாசத்துக்கு கீழ 60, 2 மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள 50, 1லேர்ந்து 5 வயசுக்குள்ள 40, இத தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு, திரும்ப ஒருதடவ எண்ணியும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். உங்க பாப்பாவுக்கு 35, 40 வந்தா அது அவ வயசுக்கு சரியான மூச்சு. பெரியவங்களுக்கு 12லேர்ந்து 20தான், அதனாலதான் நம்ம கண்ணுக்கு அவ மூச்சு வாங்கற மாதிரி தெரியுது.

நம்பர் எதுவா இருந்தாலும் சரி, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு கீழ உள்ள இழுத்து குழி விழுந்தாலோ, மூக்கு விடைச்சாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க முடியாம துவண்டு கிடந்தாலோ எண்ணிட்டு உக்காராதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. 3 மாசம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா அதுவும் அன்னைக்கே ஆஸ்பத்திரிதான், வீட்ல மருந்து குடுத்து பாக்கற வயசு இல்ல அது.

பையன் பிபி சரியாத்தான் இருக்கு. 120/80 பெரியவங்க கணக்கு. ஒண்ணுலேர்ந்து பத்து வயசுக்குள்ள வயச ரெண்டால பெருக்கி 70ஐ கூட்டுங்க, மேல் நம்பர் அதுக்கு கீழ போனாதான் லோ பிபி, 6 வயசுக்கு 82 வருது, அவனுக்கோ 92 இருக்கு. அதோட மாமியார் கைக்கு சுத்தற பட்டைய அவன் கைக்கு சுத்தினா நிஜத்த விட கம்மியாதான் காட்டும்.

தவழாததுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்காக ஆறு நாட்டு குழந்தைகள பாத்தாங்க, நம்ம தெற்கு டெல்லி குழந்தைகளும் அதுல உண்டு. உக்காருறது, தவழறது, நடக்கறது இதையெல்லாம் அதுல அஞ்சு நாட்டுல குறிச்சாங்க, நூத்துக்கு நாலு குழந்தைங்க கையும் முட்டியும் ஊணி தவழவே இல்ல. தனியா நடக்கறதும் 8 மாசத்துலேர்ந்து பதினேழரை மாசம் வரைக்கும் பரவி இருந்துச்சு. உங்க பொண்ணு தனியா உக்காருறா, பொறந்த எடைய ரெண்டரை மடங்குக்கு மேல ஆக்கிட்டா, ஒரு வயசுல மூணு மடங்கு ஆகணும், நல்லா போயிட்டு இருக்கா. நம்ம பிள்ளைத்தமிழ்ல செங்கீரை, சப்பாணி, வருகைன்னு பருவம் பிரிச்சு பாடினவங்க குழந்தைய எவ்ளோ கூர்ந்து பாத்திருக்கணும்! சப்பாணிக்கு, அதாவது கை தட்டற பருவத்துக்கு, அவங்க சொன்ன 9ம் மாசம்தான் நாங்களும் குழந்தை கை தட்டுதா, டாட்டா காட்டுதான்னு பாக்கற மாசம்.

அவள தரையில பாய் விரிச்சு குப்புற விட்டு, எட்டாத தூரத்துல அவளுக்கு புடிச்ச சாமான வைங்க. நாள் பூரா இடுப்புலயே வச்சிருந்தா தவழ இடம் எங்க இருக்கு? வாக்கர் மட்டும் வாங்காதீங்க, யார் பரிசா குடுத்தாலும் வேணாம், படிக்கட்டுல உருண்டு தலையில அடிபடுதுன்னு கனடாவுல 2004லயே விக்க தடை போட்டாங்க. 10 மாசமாகியும் தனியா உக்காராம இருந்தா, ஒரு வயசாகியும் ஒரு மழலை சத்தமும் கை சைகையும் இல்லாம இருந்தா, 18 மாசமாகியும் நடக்காம இருந்தா, எந்த வயசுலயும் செஞ்சுட்டு இருந்தத திடீர்னு விட்டுட்டா, "எங்க வீட்ல எல்லாருமே லேட்டுதான்"னு பெரியவங்க சொல்றத கேட்டு காத்திருக்காதீங்க.

9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு போவீங்கல்ல, அப்போ எடை, உயரம், தலை சுத்தளவு மூணையும் தாய் சேய் அட்டையில குறிச்சு தர சொல்லி கேளுங்க.